செட்டிநாட்டு வீட்டில் வைஃபை: முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை

காரைக்குடி, தேவகோட்டை மட்டுமல்லாமல் அவற்றைச் சுற்றியுள்ள பல ஊர்களுக்கும் இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. இணைப்புக் கொடுக்க வருபவர் பெரும்பாலும் ரவுட்டரை முகப்பிலேயே, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டி, அங்கேயே நின்று தம் கைப்பேசியில் வேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அன்று மாலை இரண்டாங்கட்டில் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு ஆச்சி வீடியோவில் பேசத் தொடங்கினால், குரல் அறுந்து அறுந்து வருகிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டார் உடனே கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறி மாதாமாதம் அதிகப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் குறை திட்டத்தில் இல்லை என்பதால், பணம் கூடினாலும் ஆச்சியின் அறையில் நிலைமை மாறுவதில்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு கைப்பேசியும், ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டும், ஒரு ஓய்வான பிற்பகலும் இருந்தால் பெரும்பாலான வேலைகளை நீங்களே முடித்துவிடலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பொறுத்தவரை, ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. திரையில் செய்யும் மாற்றங்கள் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களே அதிகம் அலைக்கழிகிறார்கள் என்பதால், முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ரவுட்டருக்கு இடம் பார்த்தல்

வைஃபை என்பது வானொலி அலைதான். திறந்த வெளியில் அது தாராளமாகப் பரவும். சுவரைக் கடக்கும்போது வலுவிழக்கும். இன்றைய அடுக்குமாடி வீட்டின் உட்சுவர் அரை அடிக்கும் குறைவான கனமுடையது. செட்டிநாட்டு வீடுகளிலோ செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் எழுப்பிய சுவர்கள் உண்டு. முகப்பில் இருக்கும் ரவுட்டரிலிருந்து இரண்டாங்கட்டின் ஓரத்து அறைக்குக் குறுக்காகப் போகும் அலை, இப்படிப்பட்ட மூன்று நான்கு சுவர்களைத் துளைத்தாக வேண்டும். போதாததற்கு, கூடமான பட்டாலையில் வரிசையாக மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்பூச்சு உலோகம் என்பதால், அலையை அது திருப்பி அனுப்பிவிடும். இரும்புப் பெட்டகம், பீரோ, பித்தளைச் சாமான் அடுக்கிய அறை ஆகியவையும் அவ்வாறே தடுக்கும்.

ஆனால் இதே வீட்டில் நமக்கு உதவும் ஓர் அமைப்பும் இருக்கிறது. முகப்பு வாசற்படியில் நின்று பார்த்தால், கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்து பின்வாசல் வரை தெரியும். அந்தக் கதவுகளின் வரிசைதான் வைஃபை அலைக்கும் தடையில்லாத பாதை. நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் வளவும் அலை பரவ நல்ல வெளி. ஆகவே ரவுட்டர் முகப்பின் மூலையில் இருப்பதைவிட, வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில், அந்தக் கதவு வரிசையை ஒட்டி, தலைக்கு மேலான உயரத்தில் இருப்பதே சிறந்தது. வளவைச் சுற்றியுள்ள அறைகளின் கதவுகளும் வளவை நோக்கியே திறப்பதால் அவற்றுக்கும் சிக்னல் ஓரளவு கிடைத்துவிடும். மழைச்சாரல் படாத பக்கமாகப் பார்த்து மாட்ட வேண்டும். அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ, அழகு கெடுகிறது என்று மரப்பெட்டிக்குள்ளோ வைக்கக் கூடாது.

இடத்தை இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெருவிலிருந்து வரும் ஃபைபர் கம்பி கண்ணாடி இழை. வளவு வரை இன்னும் நூறடி நீண்டாலும் அதில் வேகம் குறையாது. கூடுதல் கம்பிக்குச் சிறு தொகை கேட்டாலும் கொடுத்துவிடலாம். அந்தக் கம்பியைக் கூரான மூலையில் மடக்கினால் மட்டும் உள்ளே இழை முறிந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பாளமாகப் பெயர்ந்து வரும், அதைப் பழையபடி பூசுவது இன்று எளிதல்ல. ஆகையால், ஏற்கெனவே மின்கம்பி போகும் மரப்பட்டியின் மேலாகவோ, தாழ்வாரத்தின் உச்சியில் மரச்சட்டங்களை ஒட்டியோ கம்பியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேலை செய்பவர் அவசரப்படுவார்; நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்புப் பக்கத்தைத் திறத்தல்

ரவுட்டரின் அடியில் உள்ள சீட்டில் மூன்று செய்திகள் இருக்கும்: தொடக்க வைஃபை பெயரும் அதன் கடவுச்சொல்லும், அமைப்புப் பக்கத்தின் முகவரி, அந்தப் பக்கத்துக்குள் நுழைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரைச் சுவரில் மாட்டிய பிறகு அதைப் படிக்க ஏணி தேவைப்படும்.

முதலில் கைப்பேசியை அந்தத் தொடக்க வைஃபையில் இணையுங்கள். கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவது முக்கியம், இல்லையென்றால் சில கைப்பேசிகள் ரவுட்டரை விட்டுவிட்டு வெளி இணையத்தில் அந்த முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். பிறகு குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ, சீட்டில் உள்ளபடி எழுதித் திறக்க வேண்டும். சீட்டு கிழிந்திருந்தால், கைப்பேசியின் வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டுப் பாருங்கள்; 'கேட்வே' என்ற இடத்தில் இருக்கும் எண்ணே ரவுட்டரின் முகவரி. இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரித்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. வெளித் தளங்களுக்கு இருப்பது போன்ற சான்றிதழ் வீட்டு ரவுட்டருக்கு இல்லாததால் அந்த எச்சரிக்கை வருகிறது.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன் எதையும் மாற்றாமல் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். 'வேன்' என்ற பகுதி இணைப்பு நிறுவனம் உங்களுக்காக எழுதிவைத்திருப்பது. அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாமே தவிர, மாற்றக் கூடாது. அதில் ஓர் எழுத்து மாறினாலும் இணையம் நின்றுவிடும். நமக்கு வேண்டியவை 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதியும், 'லேன்' என்ற பகுதியும், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றும் இடமும் மட்டுமே.

இரண்டு கடவுச்சொற்கள், இரண்டு வேலைகள்

புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. வைஃபை கடவுச்சொல் வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. முன்னது வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லக்கூடிய முகப்புக் கதவின் சாவி என்றால், பின்னது பெட்டகத்தின் சாவி. வைஃபை கடவுச்சொல் தெரிந்தவர் உங்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம், அதே வைஃபையில் உள்ள பிரிண்டர், கேமரா போன்றவற்றையும் எட்டலாம். நிர்வாகக் கடவுச்சொல் தெரிந்தவரோ எல்லாவற்றையும் மாற்றலாம். நீங்கள் திறக்கும் வங்கித் தளத்தின் பெயரையே போலித் தளத்துக்குத் திருப்பிவிடவும் கூடும்.

பல ரவுட்டர்களில் நிர்வாகப் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்ற ஒரே சொல்லாகவே வருகின்றன. உலகத்துக்கே தெரிந்த அந்தச் சொல்லை முதல் வேலையாக மாற்ற வேண்டும். வைஃபை பெயரைக்கூடப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றிய சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடாக இருந்தால், இந்தச் சொல் இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை என்பது என் கருத்து. யார் எதை மாற்றினார் என்று தெரியாமல் போனால், இணையம் நிற்கும் நாளில் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

அதே பகுதியில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். வெளியூரிலிருந்து இணையம் வழியாக யாரும் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கான வசதி அது. அதை அணைத்தே வையுங்கள்.

பெயரும் பாதுகாப்பும்

'எஸ்.எஸ்.ஐ.டி.' என்பதுதான் உங்கள் வைஃபையின் பெயர். ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் 32 எழுத்துக்குள் வைக்கலாம். செட்டிநாட்டில் பலரும் குடும்பத்தின் விலாச எழுத்துகளையே (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை) பெயராக வைக்கிறார்கள். முகப்பு வளைவிலேயே விலாசம் எழுதியிருக்கும்போது அதை மறைப்பதில் பயனில்லை, ஆகவே பெயராக அது இருக்கலாம். ஆனால் அதே எழுத்துகள் கடவுச்சொல்லிலும் வரக் கூடாது. வீடு கட்டிய ஆண்டு, கைப்பேசி எண், குலதெய்வத்தின் பெயர் ஆகியவையும் வேண்டாம். இவை ஊரில் எவரும் எளிதில் ஊகிக்கக்கூடியவை. கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துகள் வரை இடமுண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் எண்ணைப் போட்டால், வீட்டார் நினைவில் வைக்கவும் எளிது, பிறர் ஊகிக்கவும் அரிது.

'செக்யூரிட்டி' என்ற இடத்தில் பல பெயர்கள் வரிசையாக இருக்கும். 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்பவையே இன்றைக்கு ஏற்றவை. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 உறுதியானது, ஆனால் பழைய கைப்பேசிகளும் மலிவு விலைக் கேமராக்களும் அதில் இணைய மறுக்கும். எனவே இரண்டும் கலந்த முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2 போதும். அதனோடு 'ஏ.இ.எஸ்.' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டி.கே.ஐ.பி.' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பும் குறையும், வேகமும் 54 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு மெகாபிட்) அளவைத் தாண்டாது. 1997இல் வந்த 'டபிள்யூ.இ.பி.' இன்று சில நிமிடங்களில் உடைக்கப்படக்கூடியது. அதைத் தொடவே வேண்டாம்.

'டபிள்யூ.பி.எஸ்.' என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து இணையும் முறை அதில் இருக்கிறது. ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிப்பட்டுவிட்டது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதும், ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் எண்ணைப் பட்டியலிட்டு அனுமதிப்பதும் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். இரண்டுமே விவரம் தெரிந்தவரைத் தடுக்காது, வீட்டாருக்குத்தான் தொல்லை. நேரம் செலவிட வேண்டாம்.

மாற்றங்களைச் சேமித்தவுடன் கைப்பேசி வைஃபையிலிருந்து அறுபடும். புதிய பெயரைத் தேடிப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து இணைந்துகொள்ளுங்கள்.

2.4 ஆ, 5 ஆ?

இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 மெதுவானது, ஆனால் சுவரைக் கடந்து கொஞ்சம் தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் நம் சுவர்களிடம் சீக்கிரம் தோற்றுவிடும். வளவிலும் கதவு வரிசையிலும் மட்டும் அது சிறப்பாக வேலை செய்யும். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்துவிட்டால், கைப்பேசியே இடத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் எந்தப் பெயரில் இணைவது என்று அவர்களைத் தேடவைப்பது நியாயமில்லை.

'சேனல்' என்ற இடத்தில் 2.4க்கு 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வைக்க வேண்டும். இவை மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று படியாதவை. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். காரைக்குடி செக்காலை சாலை போன்ற நெருக்கமான இடங்களில், பக்கத்துக் கடைகளின் வைஃபை எந்தச் சேனலில் இருக்கிறது என்று கைப்பேசிச் செயலி ஒன்றில் பார்த்து, நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும். இருபுறமும் வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஆத்தங்குடித் தெருவிலோ கானாடுகாத்தான் தெருவிலோ அந்த ஆராய்ச்சியே தேவையில்லை. 5க்கு 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றும், 80 மெகாஹெர்ட்ஸ் அகலமும் நல்ல தொடக்கம். 52க்கு மேற்பட்ட சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் முதலில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி, அதனால் அவ்வப்போது வைஃபை காணாமல் போனதுபோல் தோன்றும்.

'டிரான்ஸ்மிட் பவர்' என்பதை உச்சத்தில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரவுட்டரின் குரல் மட்டும் ஓங்கி ஒலித்துப் பயனில்லை. கைப்பேசியின் பதிலும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். கைப்பேசியின் வலு சிறியது, அதை நாம் கூட்டவும் முடியாது. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது வீட்டை ஒருமுறை நடந்து அளந்து பாருங்கள். சிக்னலை டெசிபல் எண்ணாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண் மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50, 60 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றிப் போகும். மைனஸ் 75ஐத் தாண்டினால் தடுமாறும், 80ஐத் தாண்டினால் அறுபடும். மூன்று எண் குறைந்தாலே வலு பாதியாகிவிட்டது என்று பொருள். இரவில் அடைப்பதுபோல் தேக்குக் கதவுகளை அடைத்துவிட்டு அளந்தால்தான் உண்மை நிலை தெரியும்.

இரண்டாங்கட்டுக்கு இன்னொரு ரவுட்டர்

அளந்து பார்த்ததில் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் மைனஸ் 80இல் நின்றால், எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது. அங்கே இன்னொரு கருவி வைத்தாக வேண்டும். மூன்று வழிகள் உண்டு. மலிவானது ரிப்பீட்டர்; ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால், அது வேகத்தைப் பாதியாக்கிவிடும். இரண்டாவது மெஷ் எனப்படும் இணைக்கருவிகள். அவற்றை வைப்பதானால் கதவு வரிசையில் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்க வேண்டும். மூன்றாவது, வளவு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, உள்கட்டில் இன்னொரு ரவுட்டரை இணைப்பது. நம் வீடுகளுக்கு இந்த மூன்றாவதே சிறந்தது; சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் கேபிளுக்கு அது ஒரு பொருட்டல்ல. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய ரவுட்டரே இதற்குப் போதும்.

கேபிள் வாங்கும்போது 'கேட் 6' என்று கேளுங்கள், முழுச் செம்புதானா என்றும் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை விலை குறைவு, ஆனால் நீண்ட தூரத்தில் ஏமாற்றும். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டுக்கும் அது போதும். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், எட்டுக் கம்பிகளும் முனையின் கடைசி வரை போய் நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏதேனும் ஒன்று குட்டையாக நின்றுவிட்டால், இணையம் வராமலே போகலாம், வந்தாலும் 100 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் ஏறாது. அதிக வேகத் திட்டம் வாங்கியும் உள்கட்டில் 90ஐத் தாண்டவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையைத்தான்.

இரண்டாவது ரவுட்டரை அமைக்கும்போது வரிசை முக்கியம். முதல் ரவுட்டரோடு இணைப்பதற்கு முன், அதைத் தனியாக இயக்கி அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பழையதாக இருந்தால், பின்புறத்தில் உள்ள சிறு துளையில் ஊசியை நுழைத்துச் சுமார் பத்து நொடி அழுத்தித் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். ('வேன்' பகுதியில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், முதல் ரவுட்டரில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.) 'ஆபரேஷன் மோடு' என்ற இடத்தில் 'ஆக்சஸ் பாயிண்ட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும், எந்தத் துளையில் கேபிளை மாட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும்.

அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். முதலில் மேலே சொன்னபடி நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் முதல் ரவுட்டரில் உள்ளவையாகவே, பெரிய எழுத்து சிறிய எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும்; சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும், முதலாவது 1 என்றால் இரண்டாவது 6 அல்லது 11. அடுத்து 'லேன்' பகுதியில் 'டி.எச்.சி.பி.' என்பதை அணையுங்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் வழங்கும் வேலை அது. இரண்டு ரவுட்டர்களும் அந்த வேலையைச் செய்தால் ஒரே எண் இரண்டு பேருக்குப் போய், இருவருக்கும் இணையம் வராது. கடைசியாக அதன் சொந்த முகவரியை, முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு கேபிளை 'வேன்' என்று எழுதிய துளையில் அல்லாமல், 'லேன்' துளைகளில் ஒன்றில் மாட்டுங்கள். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கேபிளின் மறுமுனை முதல் ரவுட்டரின் லேன் துளையில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு வீடியோ அழைப்பைத் தொடங்கி, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்து பாருங்கள். ஓரிடத்தில் ஒரு கணம் தயங்கித் தொடர்ந்தால் அது இயல்பு. பின்கட்டுக்கு வந்த பிறகும் கைப்பேசி பழைய ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தடுமாறினால், முதல் ரவுட்டரின் டிரான்ஸ்மிட் பவரை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

விசேஷ நாட்களில்

அறுபதாம் கல்யாணம், திருமணம், செவ்வாய்ப் பொங்கலுக்கு ஊருக்கு வருவது என்று ஆண்டில் சில நாட்கள் வீடு நிறைந்துவிடும். அதற்கென்று 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி வைஃபை பெயர் ஒன்றை உருவாக்குங்கள். அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பட்டாலையில் ஒட்டிவைக்கலாம். அதில் இணைபவர்கள் இணையத்தை மட்டுமே அடைவார்கள். வீட்டின் கேமராவையோ பிரிண்டரையோ தொட முடியாது. விசேஷம் முடிந்த மறுநாள் அதை அணைத்துவிட்டால், கொடுத்த கடவுச்சொல் யாரிடம் இருந்தாலும் கவலையில்லை. கையால் அமைத்த இரண்டாவது ரவுட்டரில் கெஸ்ட் வசதி இருந்தாலும் அதைத் தவிருங்கள். அந்தப் பிரிவு அங்கே ஒழுங்காகச் செயல்படுவதில்லை.

கூட்டம் கூடும்போது வேறொரு சிக்கலும் வரும். முதல் ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் எண்களின் தொடக்கமும் முடிவும் இருக்கும். பல ரவுட்டர்களில் 192.168.1.100 முதல் 199 வரை என்று நூறு எண்களே ஒதுக்கப்பட்டிருக்கும், ஒருவருக்குக் கொடுத்த எண் ஒரு நாள் முழுவதும் அவருக்கே இருக்கும். காலையில் மாலை மாற்றும்போது வந்துபோனவர்களின் கைப்பேசிகளே அந்த நூறையும் எடுத்துக்கொண்டால், மதியப் பந்திக்கு வருபவர்களுக்கு 'இணைகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தை 10 என்றும் முடிவை 250 என்றும் விரித்து, 'லீஸ் டைம்' என்பதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

மின்சாரமும் இடியும்

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில்கூட ரவுட்டர் அணைந்து திரும்ப எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். இதைத் தவிர்க்கும். வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பாருங்கள். அது 12 என்றால் யு.பி.எஸ்.ஸும் 12 தர வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் அது நடக்கும்போது மின்சாரம் அறவே போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் செம்புக் கேபிளையும் கழற்றுவது நல்லது, மின்னலின் பாய்ச்சல் அதன் வழியாகவும் வரும்.

ரவுட்டரில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் தெருவிலிருந்து வரும் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது அமைப்புப் பக்கத்தில் எதையும் மாற்றிப் பார்க்க வேண்டாம், இணைப்பு நிறுவனத்துக்குச் சொல்வது ஒன்றே வழி.

வீட்டைப் பூட்டிச் செல்பவர்களுக்கு

செட்டிநாட்டில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருக்கின்றன. சென்னையிலோ மலேசியாவிலோ இருந்தபடி கேமரா வழியாக வீட்டைப் பார்ப்பவர்களுக்கு இந்த வைஃபைதான் கண். கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். முதன்முறை அவற்றை இணைக்கும்போது கண்டுகொள்ளவில்லை என்றால், 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இணைத்து, பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்காக ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உலகில் எவரும் வந்து தட்டிப் பார்க்கும் கதவு அது. கேமராவின் சொந்தச் செயலி வழியாகப் பார்ப்பதே போதும், அந்தச் செயலியின் கடவுச்சொல்லையும் மாற்றியிருக்க வேண்டும்.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாக் கேமராக்களும் அறுபட்டுவிடும் என்பதையும், ஒவ்வொன்றையும் ஏணி போட்டு ஏறித்தான் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ரவுட்டரே பழுதாகிப் புதிதாக மாற்ற நேர்ந்தால், புதியதிலும் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் பழைய பாதுகாப்பு முறையையும் அப்படியே வைத்தால் கேமராக்கள் தாமாகவே வந்து இணைந்துகொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்தக் கடவுச்சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. எந்த சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போட வேண்டும், இடி இடித்தால் எதைக் கழற்ற வேண்டும் என்று நேரில் காட்டினால் போதும். ஊருக்குப் புறப்படும் நாளில் முகப்புக் கதவைப் பூட்டுவதற்கு முன் தெருவில் நின்று, கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் கேமராச் செயலியைத் திறந்து, ஒவ்வொரு கேமராவிலும் படம் வருகிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்றில் வரவில்லை என்றால் உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டுப் பூட்டுங்கள்.